விமான நிலைய ஸ்கேனரிடம் கேட்ட கேள்வியை எக்ஸ்ரே அறையிலும் கேட்போம்

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெண் ஐந்து மாதக் கர்ப்பிணி. துபாயில் வேலை பார்க்கும் கணவரிடம் அடுத்த வாரம் செல்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, கைபேசியில் ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். விமான நிலையங்களில் உடம்பு முழுவதையும் படம் பிடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது, அதற்குள் ஒருமுறை நின்றால் பத்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டதற்குச் சமம், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று ஒருவர் உறுதியான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, நீங்க எக்ஸ்ரேயிலேயே முப்பது வருஷம் இருந்தவரு. நீங்க சொல்லுங்க, நான் போகலாமா?"

போகலாம் கண்ணு என்று சொன்னேன். ஏன் போகலாம் என்பதை அவளுக்குப் புரியும்படி விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்று சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

உடல் ஸ்கேனர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட கருவிகள் இருந்தன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முதல் வகை உண்மையிலேயே எக்ஸ்ரே கதிரைப் பயன்படுத்தியது. நாங்கள் மருத்துவமனையில் செய்வதுபோல் கதிரை உடம்பின் ஊடாகச் செலுத்தாமல், தோலில் பட்டுத் திரும்பிச் சிதறும் கதிரைக் கொண்டு துணிக்கு அடியில் இருப்பதைக் காட்டியது. இரண்டாவது வகை மில்லிமீட்டர் அலை ஸ்கேனர். கண்ணாடிக் கூண்டுக்குள் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்க, இரண்டு தூண்கள் நம்மைச் சுற்றி ஒருமுறை சுழலுமே, அதுதான் அது. அதில் எக்ஸ்ரே இல்லை. பரவலாகப் பயன்படும் கருவிகள் 24 முதல் 30 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் இயங்குகின்றன. தில்லி விமான நிலையம் சோதனைக்கு எடுத்துக்கொண்ட கருவி 70 முதல் 80 கிகாஹெர்ட்ஸ் வரையிலானது. இவை ரேடியோ அலைகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

எக்ஸ்ரே கதிரை நாம் அஞ்சுவதற்குக் காரணம், அது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கும் வலிமை கொண்டது. அதனால் உயிரணுவின் உள்ளே இருக்கும் டிஎன்ஏ இழையை அறுக்கக்கூடியது. அதற்குச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாவது தேவை. மார்பு எக்ஸ்ரே எடுக்கும்போது நாங்கள் பயன்படுத்துவது பல்லாயிரம் எலக்ட்ரான் வோல்ட். மில்லிமீட்டர் அலையின் ஒரு துகளிடமோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. தோலுக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்திலேயே அது அடங்கிவிடுகிறது, கருப்பையை எட்டுவதில்லை. அந்த அலையால் செய்ய முடிந்தது வெப்பம் உண்டாக்குவது மட்டுமே. ஸ்கேனர் வெளியிடும் ஆற்றல் அதற்கும் போதாத அளவு சிறியது, நாம் காதில் வைத்துப் பேசும் கைபேசி வெளியிடுவதைவிடக் குறைந்தது.

நம் நாட்டில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2019 ஏப்ரலில் 84 விமான நிலையங்களில் உடல் ஸ்கேனர் நிறுவச் சொல்லி உத்தரவிட்டது. வேலை திட்டமிட்ட வேகத்தில் நடக்கவில்லை என்றாலும், தேர்ந்தெடுத்த வகை மில்லிமீட்டர் அலைதான். ஆகவே அந்தக் குரல் பதிவு பயமுறுத்திய பத்து எக்ஸ்ரே, அந்தக் கூண்டுக்குள் இல்லவே இல்லை.

இத்துடன் நிறுத்தியிருந்தால் அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் ஒரு காலத்தில் அதே பயத்தை எழுப்பியவர்கள் விஞ்ஞானிகள். 2009 கிறிஸ்துமஸ் அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் ஒருவன் உள்ளாடையில் வெடிபொருளை மறைத்து எடுத்துச் சென்று பிடிபட்ட பிறகு, அமெரிக்கா இரு வகை ஸ்கேனர்களையும் அவசர அவசரமாக விமான நிலையங்களில் நிறுவியது. 2010 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜான் செடாட் உள்ளிட்ட நான்கு பேராசிரியர்கள் அந்நாட்டு அதிபரின் அறிவியல் ஆலோசகருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். எக்ஸ்ரே ஸ்கேனரின் கதிர் பெரும்பாலும் தோலிலும் அதை ஒட்டிய திசுக்களிலும் தங்குகிறது. அதை உடம்பு முழுவதற்கும் பகிர்ந்து சராசரி காட்டினால் எண் சிறிதாகத்தான் தெரியும். தோல் வாங்கிய அளவைத் தனியாகச் சொல்லுங்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது மிகச் சரியான கேள்வி. எந்த உறுப்பு வாங்கியது என்று கேட்காமல் மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்பவர், எங்கள் தொழிலின் முதல் பாடத்தைப் படிக்காதவர்.

அரசு தரப்பு சொன்ன எண்களும் பொய்யல்ல. அந்த எக்ஸ்ரே ஸ்கேனரில் ஒருமுறை நின்றால் உடம்பு வாங்குவது சுமார் 0.1 மைக்ரோசீவெர்ட் அல்லது அதற்கும் குறைவு (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு மைக்ரோசீவெர்ட்). அமெரிக்கத் தரவிதி ஒரு சோதனைக்கு 0.25 மைக்ரோசீவெர்ட் என்று வரம்பு வைத்திருந்தது. மண், கல், காற்று, உணவு, வானம் எல்லாவற்றிலிருந்தும் ஒரு மனிதர் ஆண்டுக்குப் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2,400 மைக்ரோசீவெர்ட். கணக்குப் போட்டுப் பார்த்தால், திண்ணையில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது அந்த ஸ்கேனர் தருவதைவிடக் கூடுதல். விமானம் மேலே ஏறிய பிறகு, உயரத்தையும் பாதையையும் பொறுத்து மணிக்கு 2 முதல் 5 மைக்ரோசீவெர்ட் வரை அண்டவெளிக் கதிர் நம்மைத் தொடுகிறது. இரண்டு மூன்று நிமிடப் பயணமே ஸ்கேனரின் அளவுக்கு ஈடாகிவிடும். விமான ஊழியர்களைத் தொழில்முறையாகக் கதிர்வீச்சுக்கு உட்படுபவர்களாகக் கருத வேண்டும் என்று பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 1990-இலேயே சொன்னது இந்தக் கதிருக்காகத்தான். இங்கே அஸ்தம்பட்டியிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறினாலும் தலைக்கு மேலிருக்கும் காற்றுப் போர்வை கொஞ்சம் மெலிகிறது, அந்தக் கதிர் கொஞ்சம் கூடுகிறது. அதற்காகச் சேர்வராயன் மலைக்கு யாரும் போகாமல் இருந்ததில்லை.

எண் சிறியது என்பதோடு விஷயம் முடிந்ததா என்றால், இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பிரென்னர் வேறொரு கோணத்தைச் சுட்டிக்காட்டினார். ஒரு பயணிக்கு வரும் ஆபத்து கணக்கில் எடுக்க முடியாத அளவு சிறியதாக இருக்கலாம். ஆனால் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான பேரை அதே கதிரின் முன்னால் நிறுத்தும்போது, எக்ஸ்ரே இல்லாமலே அதே வேலையைச் செய்யும் கருவி பக்கத்திலேயே இருக்கையில், எதற்காக எக்ஸ்ரே என்று கேட்டார். கதிர்வீச்சுப் பாதுகாப்பில் முதல் விதியே தேவையை நியாயப்படுத்துவதுதான். எவ்வளவு குறைவாக இருந்தாலும் தேவையில்லாத கதிரை யார் மேலும் பாய்ச்சக் கூடாது. 1920களிலிருந்து பல ஆண்டுகள் மேலைநாட்டுச் செருப்புக் கடைகளில் குழந்தைகளின் பாதத்தை எக்ஸ்ரேயில் பார்த்து அளவெடுக்கும் பெட்டிகள் இருந்தன. விரல் எங்கே இருக்கிறது என்பதை அழுத்திப் பார்த்தே அறியலாம் என்பது 1950களில்தான் அரசுகளுக்கு உறைத்தது, தடைகள் வந்தன.

ஸ்கேனர் விஷயத்திலும் அந்த நியாயம் வென்றது. 2011 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் தன் விமான நிலையங்களில் எக்ஸ்ரே பயன்படுத்தாத ஸ்கேனர்களை மட்டுமே அனுமதிப்பதாக விதி செய்தது. 2013-இல் அமெரிக்காவும் எக்ஸ்ரே வகையை விமான நிலையங்களிலிருந்து எடுத்துவிட்டது. அங்கே காரணம் கதிர்வீச்சு அல்ல, பயணியின் உடம்பை அப்படியே காட்டாமல் பொதுவான உருவமாகக் காட்டும் மென்பொருளை அந்தக் கருவிக்குக் குறித்த காலத்தில் செய்து முடிக்க முடியாமல் போனதுதான். எந்தக் காரணமாக இருந்தால் என்ன, போனது நல்லது.

இந்த வரலாற்றில் என் மனத்தில் ஆழப் பதிந்த நிகழ்ச்சி வேறு. 2011 மார்ச்சில் அமெரிக்க விமான நிலையக் கருவிகளின் அளவீட்டுப் பதிவேடுகளைப் பரிசீலித்தபோது, சிலவற்றில் கதிரளவு பத்து மடங்கு கூடுதலாகக் குறிக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. விசாரித்தால், கருவிகள் மீறவில்லை. பத்து முறை அளந்து பத்தால் வகுக்க வேண்டிய இடத்தில், அளந்தவர்கள் வகுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஆபத்து எதுவும் நேரவில்லை. ஆனால் அந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்டவர், சரிபார்த்தவர், கோப்பில் வைத்தவர் என ஒருவர் கண்ணுக்கும் அந்த எண் உறுத்தவில்லை. வெளியே இருந்தவர்கள் கேட்டதால்தான் தாள்கள் திறக்கப்பட்டன, கருவிகள் மறுபடி அளக்கப்பட்டன, முடிவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதாக அரசு ஒப்புக்கொண்டது. பின்னர் 2015-இல் அந்நாட்டு தேசிய அறிவியல் கழகங்களின் குழு தானே அளந்து பார்த்து, அளவுகள் வரம்புக்குள்தான் இருக்கின்றன என்று அறிவித்தது. பயப்பட வேண்டியதில்லை என்று இன்று நான் ஒரு கர்ப்பிணியிடம் தைரியமாகச் சொல்ல முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அன்று அளந்து காட்டு என்று கேட்டவர்கள்.

இங்கே என் சொந்த அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சேலத்தில் நான் வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில் எங்கள் சட்டையில் இருந்து நாங்கள் வாங்கும் கதிரை அளக்க வேண்டிய டி.எல்.டி. பேட்ஜ்கள், எக்ஸ்ரே அறைக்குள்ளேயே ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றை ஆய்வகத்துக்கு அனுப்புவோம். வாங்கிய கதிர் இவ்வளவு என்று அறிக்கை வரும். அந்த அறிக்கை யாருடையது? ஆணியினுடையது. நான் வாங்கியது எவ்வளவு என்பதை எந்தத் தாளும் சொல்லாது. நோயாளிக்குத் துணையாக உள்ளே வந்து பிடித்துக்கொள்பவர்களுக்கு மாட்டிவிட ஈய ஏப்ரன் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் மடித்து மடித்து வெடித்துப்போனது. நான் இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கவில்லை. அந்த மூன்றாம் முறையை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

அதனால்தான் சொல்கிறேன். விமான நிலையத்தில் எக்ஸ்ரேயே இல்லாத கூண்டைப் பார்த்து நடுங்கும் நம் மக்கள், சேலத்தின் நான்கு ரோடு, ஐந்து ரோடு பகுதிகளில் உள்ள ஸ்கேன் சென்டர்களுக்குள் ஒரு கேள்வியும் கேட்காமல் நுழைகிறார்கள். ஒரு மார்பு எக்ஸ்ரே சுமார் 20 முதல் 100 மைக்ரோசீவெர்ட். வயிற்றுக்கு எடுக்கும் சிடி ஸ்கேன் 8,000 மைக்ரோசீவெர்ட்டை ஒட்டி இருக்கும்; அமெரிக்கா கழித்துப்போட்ட அந்தப் பழைய எக்ஸ்ரே ஸ்கேனரில் எண்பதாயிரம் முறை நிற்பதற்குச் சமம். மருத்துவர் தேவை என்று சொன்னால் அந்த சிடியை எடுத்தே ஆக வேண்டும், அது உயிரைக் காக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் தவிர்த்துவிடாதீர்கள். ஆனால் போன மாதம் வேறு ஊரில் எடுத்த படம் கையில் இருக்கும்போது, எங்கள் சென்டரில் மறுபடி எடுத்தால்தான் ஆகும் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதல் இயங்குகிறது. எக்ஸ்ரே, சிடி கருவிகளை இயக்க அதன் உரிமம் வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது கருவியின் தரத்தைச் சோதித்துச் சான்று வைத்திருக்க வேண்டும். அறை வாசலுக்கு மேல் சிவப்பு விளக்கும், கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்கும்போதே படம் எடுத்தால், உள்ளே வரிசையில் அடுத்த நோயாளியை உட்கார வைத்திருந்தால், நீங்கள் எழுந்து வெளியே வந்து காரணம் கேட்கலாம்.

கமலாபுரத்தில் நம் சேலம் விமான நிலையம் 2023 அக்டோபரில் மீண்டும் உயிர்பெற்ற பிறகு, முதல்முறையாக விமானம் ஏறும் பெரியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் சந்தேகங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாம் நடந்து கடக்கும் மெட்டல் டிடெக்டர் வாசலில் இருப்பது காந்தப்புலம், எக்ஸ்ரே அல்ல. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லுங்கள். பெட்டியை விழுங்கும் இயந்திரத்தில் இருப்பது எக்ஸ்ரேதான். அதற்குள் போய் வந்த முறுக்கும் மாத்திரையும் மாம்பழமும் கதிரியக்கம் கொண்டவையாக மாறிவிடாது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் இந்திய மாம்பழங்கள் 2007 முதல் பூச்சி ஒழிப்புக்காக அதைவிடப் பன்மடங்கு வலிய காமாக் கதிரில் வைக்கப்பட்டே போகின்றன. ஆனால் அந்த இயந்திரத்தின் வாயில் தொங்கும் கறுப்புத் திரை அலங்காரத்துக்கு இல்லை, அதற்குள் ஈயம் இருக்கிறது. பை சிக்கிக்கொண்டது என்று அதை விலக்கிக் கையை உள்ளே விடாதீர்கள், பிள்ளைகளை எட்டிப்பார்க்க விடாதீர்கள். நாம் கடப்பது ஒரு நிமிடம். நாள் முழுவதும் அதன் பக்கத்தில் நின்று தட்டுகளைத் தள்ளும் ஊழியர்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். அந்தத் திரையின் ஒரு பட்டை கிழிந்திருந்தால் அதன் விலை அவர்கள் கைக்குத்தான்.

ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் இது எக்ஸ்ரேயா, மில்லிமீட்டர் அலையா, கடைசியாக அளந்த தேதி என்ன, அளவு எவ்வளவு என்று தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். விமான நிலையத்துக்கும் இதையே கேட்கிறேன், நம் ஊர் ஸ்கேன் சென்டருக்கும் இதையே கேட்கிறேன். செலவு ஒரு பலகைக்கான செலவு. அந்தப் பலகை இருந்திருந்தால் அந்தக் குரல் பதிவை அவள் ஒரு நிமிடத்தில் அழித்திருப்பாள்.

அவளிடம் கடைசியாக இதைச் சொல்லி அனுப்பினேன்: கூண்டுக்குள் நிற்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது; ஆனாலும் மனம் ஒப்பவில்லை என்றால், கர்ப்பமாக இருக்கிறேன், கையால் சோதியுங்கள் என்று பெண் காவலரிடம் கேள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். அங்கே போனதும் மருத்துவர் ஏதாவது எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தால், அறைக்குள் போகும் முன்பே எத்தனை மாதம் என்பதைச் சொல். அதைத் தாளில் எழுதிக் கொடுங்கள் பெரியப்பா என்றாள். எழுதிக் கொடுத்தேன்.