ஆண்டு விழாவுக்குக் கும்பலாகக் கிளம்பும் குடும்பங்களுக்கு

பிப்ரவரி வந்தாச்சு. காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை எந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தாலும் ஷாமியானா. கார்டில் ஐந்து மணி என்று போட்டிருக்கும், சீஃப் கெஸ்ட் ஆறரைக்கு வருவார். நாலு மணிக்கே வந்து, பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி முன்வரிசை முழுக்கக் கர்ச்சீஃப், தண்ணி பாட்டில், ஆயாவின் கண்ணாடிக் கூடு என்று பரப்பி வைக்கும் குடும்பம் ஒன்று கட்டாயம் உண்டு. இது அவங்களுக்கான பதிவு.

என் கட்சி இதுதான்: அவங்க அடிக்கும் கூத்தில் முக்கால்வாசியால் யாருக்கும் கெடுதல் இல்லை. பிள்ளைக்கு நெஜமாவே வேட்டு வைப்பது, மேடையில் ஆடும்போது பேர் சொல்லிக் கூப்பிடுவது. எல்.கே.ஜி. பிள்ளை ஸ்டெப்பை எண்ணி எண்ணித்தான் ஆடும், அதுவும் பாதி பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து. "ராசா, ஆயாவப் பார்ரா!" என்று ஒரு குரல் வந்தால் எண்ணிக்கை போச்சு. நின்று கையாட்டும், பின்னால் வருவது மோதும், வரிசையே கலைஞ்சிடும். எங்கே உட்காரப் போறோம் என்பதை மேக்கப் போடும்போதே பிள்ளையிடம் சொல்லிவிட்டால் தேடாது.

மேடைக்குக் கீழே நின்று ஸ்டெப் போட்டுக் காட்டும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க பிள்ளையைப் பார்த்து நிற்கிறீங்க, உங்க வலது கை அதுக்கு இடது பக்கம். கண்ணாடி மாதிரி மாற்றி ஆடத் தெரிஞ்சா ஆடுங்க, இல்லேன்னா உட்காருங்க.

மாறுவேடம் தனிக் கதை. 1806-ல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளம்பியதற்குத் தலைப்பாகையும் தாடியும் மீசையும் பெரிய காரணம். இன்னைக்கும் மேடைக்குப் பின்னால் அதே மூணுதான் தகராறு. பாரதியார் மீசையைக் கண்மையால் வீட்டிலேயே மூணு மணிக்கு வரைஞ்சிடுவாங்க. கண்மையில் எண்ணெய்ப் பசை இருக்கு; நம்ம ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் அது கன்னம் வரை இறங்கி, மேடையேறும்போது பாரதியார் கரி மண்டியில் வேலை செஞ்ச மாதிரி நிற்பார். முகத்தைத் துடைச்சு, பவுடரை லேசா ஒற்றி, தண்ணியில் கரையாத ஐலைனரால் முறை வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வரைஞ்சா போதும். முண்டாசுக்குத் தாத்தாவின் எட்டு முழ வேட்டியை எடுக்காதீங்க, அந்தக் கனத்துக்கு அது கண்ணை மூடும். நாலு முழமே தாராளம். வீட்டிலேயே தலையளவுக்குச் சுற்றி, நாலு இடத்தில் நூலால் தைச்சுத் தொப்பி மாதிரி கழற்றி வெச்சுக்குங்க. ஊக்கு வேண்டாம், தலையில் குத்தும்.

வீடியோ எடுக்க ஒரு ஆள் போதும். மாமா, சித்தப்பா, அத்தை மூணு பேரும் டேப்லெட்டைத் தலைக்கு மேலே தூக்கினால் பின்னால் இருப்பவருக்கு அந்தத் திரையில்தான் விழா. ஹால் இருட்டு, மேடை வெளிச்சம். போன் இருட்டுக்குக் கணக்குப் போட்டு முகத்தை வெள்ளைத் திட்டாக்கிடும். பிள்ளையின் முகத்தில் விரலை அழுத்திப் பிடிச்சு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கணும். ஃபிளாஷ் அவ்வளவு தூரம் எட்டாது, முன்சீட்டுக்காரர் வழுக்கைதான் பளபளக்கும்.

விளையாட்டு விழா என்றால் அப்பாக்கள் ஓட்டம். விசில் ஊதியதும் இருபது வயசு நினைப்பில் பாய்வாங்க, பத்தாவது அடியில் தொடையின் பின்பக்கம் சுருக்குனு பிடிக்கும். உட்கார்ந்தே கிடந்த சதையை ஒரேயடியா இழுத்தா வேறென்ன ஆகும்? பத்து நிமிஷம் வேகமா நடந்துட்டு ஓடுங்க; தோல் செருப்பைக் கழற்றிடுங்க. லெமன் ஸ்பூனில் ஜெயிப்பவங்க ஓடுறதே இல்லை. குழி ஸ்பூன், சின்ன எலுமிச்சை, குட்டிக் குட்டி அடி. குதிகால் தூக்கித் தூக்கி ஓடினால் தலை ஆடும், பழம் உருளும்.

ஆம்பூர் பிரியாணி பொட்டலத்தை மட்டும் ஆண்டறிக்கை வாசிக்கும்போது பிரிக்காதீங்க. ஹெட்மாஸ்டருக்கும் பசிக்கும்.

வாடகை டிரஸ்ஸை வாங்கும்போதே எத்தனை உருப்படி என்று போனில் படம் எடுத்து வெச்சுக்குங்க. திருப்பிக் கொடுக்கும்போது ஒட்டுத்தாடி காணோம்னு கடைக்காரர் அட்வான்ஸில் கைவைப்பார். அதுக்கு முன்னாடி தாத்தாவின் சட்டைப் பையைத் தேடிப் பாருங்க.