யோவான் 14:16, ஏட்டில் இருக்கும் சொல் எது?

அஸ்ஸலாமு அலைக்கும் பாய், நானும் கிருஷ்ணகிரி பழையபேட்டைதான். யோவான் 14:16-ல் முதலில் ‘புகழப்பட்டவர்’ எனப் பொருள்படும் ‘பெரிக்ளூதோஸ்’ இருந்தது, நபிகளாருக்குப் பிறகு அதை ‘பாராக்ளேதோஸ்’ என்று மாற்றிவிட்டார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை பாய். ஈசா நபி தமக்குப் பின் வரும் தூதராக ‘அஹ்மத்’தை (‘மிகவும் புகழுக்குரியவர்’, நபிகளாரின் பெயர்) முன்னறிவித்தார் என்று குர்ஆன் 61:6 சொல்வது நம் ஈமான் (நம்பிக்கை), அதில் எனக்கும் மாற்றமில்லை. ஆனால் நபிகளார் பிறந்தது 570 வாக்கில். 4-ஆம் நூற்றாண்டில் கையால் எழுதப்பட்ட கிரேக்க பைபிளான சினாய் ஏட்டிலேயே ‘பாராக்ளேதோஸ்’தான் இருக்கிறது. தமிழ் பைபிளில் ‘தேற்றரவாளன்’ என்று வருவது இதுதான். ‘கோடெக்ஸ் சினாய்ட்டிகஸ்’ என்று தேடுங்கள், ஏட்டின் படங்கள் இலவசமாகவே கிடைக்கும். யோவான் 14-ஐத் திறந்து அந்த வரியைப் பெரிதாக்குங்கள். கிரேக்கத்தில் உயிரெழுத்தையும் எழுதிவிடுவார்கள். இரண்டு சொல்லுக்கும் மூன்று எழுத்து வேறுபடும், கண்ணாலேயே பார்த்துவிடலாம்.