சார்ஜர் இல்லாத டப்பா

புது போன் டப்பாவைத் திறந்தேன். போன் இருக்கிறது, வயர் இருக்கிறது, சிம் தட்டைக் குத்தித் திறக்க ஒரு ஊசிகூட இருக்கிறது. சார்ஜர் மட்டும் இல்லை. கேட்டால், சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறார்களாம்!

இந்தப் புண்ணிய காரியத்தை 2020 அக்டோபரில் ஐபோன் 12 வழியாகப் பெரிதாக ஆரம்பித்து வைத்தது ஆப்பிள். அப்போது சாம்சங் 'எங்கள் போனோடு சார்ஜர் உண்டு' என்று கிண்டலடித்தது. மூன்றே மாதம்தான். 2021 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்21 டப்பாவிலும் சார்ஜரைக் காணோம். (2016இல் ஐபோன் 7இல் இயர்போன் துளையை அடைத்ததற்கு ஆப்பிள் வைத்த பெயர் 'துணிச்சல்'. வாங்குகிற நமக்குத்தான் அது வேண்டும்.)

சரி, பழைய சார்ஜர் இருக்கிறதே என்று எடுத்தால், வயரின் முனை டைப் சி, சார்ஜரின் துளை டைப் ஏ. ஜென்மத்துக்கும் சேராது. இன்னொன்றைத் தேடிப் பிடித்துச் செருகினேன். ஏறுகிறது, ஆமை வேகத்தில். வேகமாக ஏற அந்தக் கம்பெனி சார்ஜரே வேண்டுமாம். வாங்கித் தொலைத்தேன். தனி டப்பா, தனி பிளாஸ்டிக் உறை, தனி வண்டி என்று வந்து இறங்கியது.

அந்த டப்பா போன் டப்பாவைவிடப் பெரிது.