பிஎஸ்ஏ 4-ஐத் தாண்டினாலே ஆபரேஷனா?
ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் ஒரு புரதம்) அளவு 4-க்கு மேல் போனால் புராஸ்டேட் புற்றுநோய்தான், உடனே அறுவை சிகிச்சைக்குத் தயாராகுங்கள் என்று இந்தக் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோபி பக்கம் எங்கள் அய்யனுக்குப் போன வருடம், மஞ்சள் வெட்டும் சமயத்தில், சிறுநீர் அடைத்துக்கொண்டது. காய்ச்சலோடு டியூப் போட்டுப் படுத்திருந்தவரிடமே ரத்தம் எடுத்தார்கள். பிஎஸ்ஏ 11.8 என்று வந்தது. "தோட்டத்தப் பிரிச்சு எழுதிப்போடலாம் கண்ணு" என்று ஆரம்பித்துவிட்டார். அப்புறம் ஈரோட்டில் பார்த்த டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார்: பிஎஸ்ஏ புற்றுநோய் மட்டும் சுரக்கும் பொருள் அல்ல, நல்ல புராஸ்டேட்டிலும் சுரக்கும் புரதம்தான்; வயதில் சுரப்பி பெருத்தாலும், கிருமித் தொற்று வந்தாலும், டியூப் போட்டாலும் ஏறும். தொற்றுக்கு மருந்து முடித்து எட்டு வாரம் கழித்து எடுத்ததில் 3.4. முதல் ஆஸ்பத்திரியில் இதை யாராவது இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் அத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்காது. இறங்காமல் நின்றிருந்தாலும் அடுத்தது எம்ஆர்ஐ ஸ்கேன், பயாப்ஸி (சிறிது சதை எடுத்துச் செய்யும் சோதனை)தான், நேராகக் கத்தி இல்லை. வீரியம் குறைந்த புற்றுநோய் என்றால் ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்து வருவதும் உண்டு. மேலே கருத்துகளில் ஒருவர், ஃபினாஸ்டரைடு (புராஸ்டேட் பெருத்தால் கொடுப்பது) மாத்திரை ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன், எனக்கு பிஎஸ்ஏ 3-தான், கவலையில்லை என்று எழுதியிருக்கிறார். சார், அந்த மாத்திரை பிஎஸ்ஏ-வை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். உங்கள் 3-ஐ 6 என்று வைத்துத்தான் பார்க்க வேண்டும். மாத்திரைச் சீட்டோடு ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.