பைக்குக்கு அலாரம் பூட்டலாமா என்று கேட்ட தம்பிக்கு

பெரியம்மாவின் மகன் போன கிழமை லீசிங்கில் புது பைக் எடுத்தான். எடுத்த அன்று இரவே போன். "அண்ணா, அலாரமும் ஜி.பி.எஸ்ஸும் சேர்ந்த செட் ஒன்று காட்டுறாங்க. போடவா, விடவா?" அப்போது ஏதோ அரைகுறையாகச் சொல்லி வைத்துவிட்டேன். முழுப் பதில் இதுதான். இந்த விஷயத்தில் நான் காசையும் விட்டவன், ஒழுங்கையில் பெயரையும் கெடுத்துக்கொண்டவன்.

நான் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில், கடலுக்குக் கிட்ட. மரைன் டிரைவைத் தாண்டினால் ரயில் பாதை. அலாரத்துக்குள் இருப்பது அதிர்வைப் பிடிக்கிற ஒரு சின்ன சென்சர். அதற்குக் கள்ளனையும் தெரியாது, ரயிலையும் தெரியாது. பூட்டிய முதல் இரவே ரயில் போகும்போதெல்லாம் கத்தியது. விடிந்தால் காகம் சீட்டில் வந்து குந்தும், அதற்கும் கத்தும். மூன்றாம் நாள் மேல்மாடி அன்ரி படியில் மறித்தார். "தம்பி, உங்கட பைக் ராத்திரி மூன்று தரம் அழுதது. என்னெண்டு ஒருக்கா பாருங்கோ." சென்சரைக் குறைத்து வைத்தேன். அதற்குப் பிறகு நானே பிடித்து உலுக்கினாலும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய் மூன்று வாரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால், டாஷ்போர்டில் ஒரு லைட்கூட இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. அலாரம் சும்மா காத்திருக்கும்போதே 10 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் மணி. சின்ன பைக் பற்றரி 5 ஆம்பியர் மணி அளவுதான். இருபது நாளில் கதை முடிந்தது. ஸ்டார்ட் ஆகாமல் போவது அதற்கும் முந்தியே.

கராஜில் வேலை செய்கிற பாஸ் பற்றரியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "தம்பி, இதைக் கள்ளனுக்கு எண்டு பூட்டுறீங்க. கேக்கிறது பக்கத்து வீட்டுக்காரன் மட்டும்தான்." அன்று சிரித்தேன். பிறகு கொட்டாஞ்சேனையில் என் கூட்டாளி ஒருவனின் பைக் போனபோது அந்தச் சிரிப்பு நின்றது. அவனும் அலாரம் போட்டவன், ஹேண்டில் லொக்கும் போட்டவன். பக்கத்துக் கடை கேமராவில் எல்லாம் தெரிந்தது. மூன்று பேர், ஒரு சின்ன லொறி, ஒரு நிமிடம்கூட இல்லை, அப்படியே தூக்கி ஏற்றிவிட்டார்கள். லைட் எல்லாம் மின்ன மின்ன பைக் கத்துகிறது. எதிரே கொத்துரொட்டிப் பார்சலோடு போன ஒருவர் நின்று பார்க்கிறார். சொந்தக்காரர்தான் ஏற்றுகிறார் என்று நினைத்திருப்பார் போல, நடையைக் கட்டிவிட்டார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். கொழும்பில் வாகன அலாரம் கேட்டு நான் கடைசியாக எப்போது எழுந்து பார்த்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் கேள்வியையே மாற்றினேன். என் பைக்கை எப்படிக் கொண்டுபோவார்கள்? ஒன்று, வயரை இணைத்து ஸ்டார்ட் பண்ணி ஓட்டிப்போவது. இரண்டு, தூக்கிப்போவது. முதலாவதற்கு ஒளித்து வைத்த சுவிட்ச் ஒன்று போதும். இக்னிஷன் கொயிலுக்குப் போகிற வயரை இடையில் வெட்டி, சீட்டுக்குக் கீழே கை தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு சுவிட்ச். பற்றரியைத் தின்னாது. கள்ளன் என்ன இணைத்தாலும் இன்ஜின் சுத்தும், ஸ்டார்ட் ஆகாது. பழுதான பைக் என்று நினைத்து விட்டுப்போகலாம். தெரிந்த பாஸிடம் மட்டும் செய்யுங்கள். வயரை முறுக்கி மேலே டேப் சுற்றுகிற ஆளிடம் கொடுத்தால் மழைக்குள் நடுரோட்டில் நிற்பது நீங்கள்தான். புது பைக் என்றால் வாரண்டியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவதற்குச் சங்கிலி. சங்கிலியை முன் சில்லுக்குள் மட்டும் போடுவதில் பிரயோசனம் இல்லை, சில்லைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோவான். பின் சில்லுக்குள்ளும் பிரேமுக்குள்ளும் விட்டு, அசையாத ஏதாவது ஒன்றோடு கட்ட வேண்டும். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒன்றும் இல்லை. வீட்டுக்கார ஐயாவைக் கெஞ்சி, மதிலடியில் கொங்கிரீட் போட்டு ஒரு இரும்பு வளையம் இறக்கினேன். "இனி மாடு கட்டப்போறீரோ?" என்று கேட்டார். கேட்டால் கேட்கட்டும். கடல்காற்றுக்கு ஆமைப்பூட்டு துருப்பிடித்து இறுகும், மாதம் ஒருமுறை எண்ணெய் விட வேண்டும். அவ்வளவுதான் பராமரிப்பு.

பூட்டு விற்பவர்கள் சொல்லாத விஷயம் இன்சூரன்ஸ். கூட்டாளியிடம் இருந்தது, மற்றவருக்கு வரும் சேதத்துக்கு மட்டும் காசு தருகிற தேர்ட் பார்ட்டி. சட்டத்துக்கு அது போதும், களவுக்கு ஒரு சதமும் வராது. களவுக்கும் காசு தருகிற புல் (முழு) இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களும் பத்திரத்தில் எழுதிய பெறுமதியை ஒருக்கா எடுத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பழைய பைக்குகள் புதிதாக வாங்கிய விலையையும் தாண்டிப் போயின. பழைய பெறுமதியிலேயே வருஷா வருஷம் புதுப்பித்தவர்களுக்குப் பைக் போனால் கிடைப்பது அந்தப் பழைய தொகைதான். இரண்டு சாவியையும் கேட்பார்கள், மற்றதைத் தேடி வையுங்கள்.

2022இல் பைக்கைவிட பெற்றோலுக்குத்தான் காவல் இருந்தோம். 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்குப் போன காலம், கியூ.ஆர். கோட்டைக் காட்டி அளவாகப் பெற்றோல் வாங்குகிற முறை வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். ஒரு நாள் விடிய என் பைக்கின் பெற்றோல் டியூப் கழன்று தொங்கியது, டேங்க் காலி. அலாரம் ஒரு முனகல்கூட இல்லை.

ஜி.பி.எஸ். வேறு கதை, அதை நான் முழுக்கத் தள்ள மாட்டேன். களவை அது தடுக்காது, போன பிறகு தேட உதவும். அதற்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. ரீலோட் பண்ண மறந்தால் அது வெறும் பெட்டி. நிலக்கீழ் பார்க்கிங்கில் சிக்னல் போய்விடும். பைக் பற்றரியைக் கழற்றினாலும் சில மணி நேரம் தாங்குகிற உள் பற்றரி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். களவு போன பைக்கைப் போன் மேப்பில் காட்டுகிற புள்ளி எங்கேயாவது நின்றால் கூட்டாளிமாரைச் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள். பொலிசுக்கு, 119க்கு அடியுங்கள்.

சரி, தம்பி. உன் விஷயம் என்னுடையது மாதிரி இல்லை. நீ சாப்பாடு டெலிவரி ஓடுகிறவன். ஒரு நாளைக்கு இருபது இடத்தில் மூன்று மூன்று நிமிடம் நிறுத்துகிறாய், அதில் பாதி இடத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் கண்ணால் பார்த்தேன். உனக்குச் சங்கிலி சரிவராது. முதலில் சாவியைக் கழற்று. லீசிங் என்பதால் புல் இன்சூரன்ஸ் ஏற்கெனவே இருக்கும். சுவிட்ச் ஒன்று போடு. நாள் முழுக்க ஓடுகிற பைக் என்றபடியால் ஜி.பி.எஸ். உன் பற்றரியைக் கொல்லாது, அதை மட்டும் தனியாக வாங்கு. செட்டாக வேண்டாம்.

அலாரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கடைக்குப் போகாதே. என்னுடையது மேசை லாச்சிக்குள் ரிமோட்டோடு கிடக்கிறது. ஒரு பிளேன்ரீ வாங்கித் தந்துவிட்டு எடுத்துக்கொண்டு போ.