ராயல் ஐசிங் என்ற பெயர் விக்டோரியாவால் வந்ததன்று

கேக்கின் மேல் வெள்ளை வெளேரென்று இறுகிப் படியும் சர்க்கரைப் பூச்சுக்கு ‘ராயல் ஐசிங்’ என்ற பெயர் வந்ததே 1840இல் நடந்த விக்டோரியா மகாராணியின் திருமணத்தால்தான் என்று சமையல் குழுக்களில் ஒரு தகவல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது உண்மையன்று. லண்டனில் 1770இல் வெளிவந்த ஓர் இனிப்புத் தயாரிப்பு நூலிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. விக்டோரியா பிறந்ததே 1819இல்தான்.

ஐசிங் என்ற சொல் கேக்கின் குளிர்ச்சியைக் குறிப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். இதில் குளிர்ச்சிக்கு வேலையே இல்லை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சர்க்கரையையும் ரோஜாப் பன்னீரையும் முட்டை வெண்கருவையும் கலந்து, வெந்த கேக்கின் மேல் தடவி, இளஞ்சூட்டில் உலரவிட்டார்கள். உலர்ந்த பூச்சு பனிக்கட்டிபோல் வழுவழுப்பாக மின்னியதால், அப்படிப் பூசுவதை ‘ஐஸ் செய்வது’ என்றே சொன்னார்கள். அந்த வினையிலிருந்து பிறந்ததுதான் ஐசிங். பிரெஞ்சுக்காரர்களும் பனிக்கட்டியைக் குறிக்கும் ‘கிளாஸ்’ என்ற சொல்லையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர்கள் உறைபனியை நினைத்து ‘ஃபிராஸ்டிங்’ என்கிறார்கள்.

இந்த வரலாற்றில் நாம் நினைவில் வைக்க வேண்டியவர் எலிசபெத் ராஃபால்டு என்பது என் உறுதியான கருத்து. ஆர்லி ஹால் மாளிகையில் இல்ல நிர்வாகியாகப் பணியாற்றி, பின்பு மான்செஸ்டரில் கடை நடத்திய இவர், 1769இல் தாமே வெளியிட்ட சமையல் நூலில், திருமணக் கேக்கின் மேல் முதலில் பாதாம் பூச்சும் அதன்மேல் சர்க்கரை ஐசிங்கும் போடும் முறையை எழுதிவைத்தார். இரண்டு பவுண்டு சர்க்கரையை இடித்து, சிறிது மாவுப்பொருள் சேர்த்து, மெல்லிய துணிச் சல்லடையில் சலிக்க வேண்டும்; ஐந்து முட்டைகளின் வெண்கருவைத் தட்டில் ஊற்றிக் கத்தியாலேயே அரைமணி நேரம் அடித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தபடி மேலும் அரைமணி நேரம் அடிக்க வேண்டும். மின்கலக்கி இல்லாத காலத்தில் அது எவ்வளவு கைவலி என்பதை, முட்டை அடித்துப் பழகிய எவரும் உணர்வார்கள். சர்க்கரையும் அன்று பொடியாகக் கிடைக்கவில்லை. கூம்பு வடிவக் கட்டிகளாக விற்றதை உடைத்து இடித்துத்தான் பொடியாக்கினார்கள். இருமுறை சுத்திகரித்தால்தான் அந்த வெண்மை வரும் என்பதால், வெண்மையே செல்வத்தின் அடையாளமாயிற்று. அந்தச் சர்க்கரை கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் உழைப்பில் விளைந்தது என்பதையும் இதனுடன் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விக்டோரியாவின் பங்கை நான் மறுக்கவில்லை. ஏறத்தாழ 300 பவுண்டு எடையுள்ள அவருடைய கேக் வெள்ளைத் திருமணக் கேக்கின் புகழை வெகுவாக வளர்த்தது. ஆனால் புகழ் சேர்த்தவரையே பெயர் தந்தவராக்கினால், அதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே கை நோக அடித்துப் பார்த்து, அளவோடு எழுதிவைத்த ஒரு கடைக்காரப் பெண்மணி மறைந்துபோகிறார். அந்தத் தகவலை இனிப் பகிர்பவர்கள் 1840 என்பதை எடுத்துவிட்டு, பெயருக்கு 1770 என்ற ஆண்டையும், செய்முறைக்கு ராஃபால்டின் பெயரையும் 1769 என்ற ஆண்டையும் சேர்த்துப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.