பணம் எந்தத் தேதியில் வரும்?

கணக்குத் தணிக்கை என் தொழில். தரமணி, கிண்டி, ஓஎம்ஆர் பக்கம் புதிதாகக் கம்பெனி தொடங்கும் பிள்ளைகள், "மேடம், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று பிசினஸ் பிளானை அனுப்புவார்கள். சந்தை எவ்வளவு பெரிது, ஐந்து வருடத்தில் வருமானம் எங்கே போய் நிற்கும், போட்டியாளரிடம் இல்லாத எது நம்மிடம் இருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். முதல் ரூபாயை யார் தரப்போகிறார், எந்தத் தேதியில் தரப்போகிறார் என்பதை மட்டும் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு அந்த இரண்டும்தான் பிளான் என்பது என் கருத்து. பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துப் படியுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் மெஷின்) பட்டறைகளுக்கு, மெஷின் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்று போனில் காட்டும் ஒரு கருவியை மூன்று பேர் சேர்ந்து செய்கிறார்கள். விலை 30,000 ரூபாய். உதிரி பாகச் செலவு 18,000. வாடகை, சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 2 லட்சம். முதல் மாதம் 10 கருவி விற்கிறது, அடுத்த மாதம் 20, அதற்கடுத்து 30. இப்படியே ஆறாவது மாதம் 60. யாருக்கும் ஆசை வரும் வளர்ச்சி. இரண்டாவது மாதமே லாபம் வந்துவிடுகிறது. ஆறு மாத லாபத்தைக் கூட்டினால் 13 லட்சத்து 20 ஆயிரம்.

இப்போது பேங்க் பாஸ்புக்கைத் திறப்போம். பட்டறைக்காரர்கள் 90 நாள் கடனில் வாங்குகிறார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரி பாகத்துக்குக் கையில் காசு வைக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் 16 லட்சத்து 80 ஆயிரம் வெளியே போகிறது, உள்ளே ஒரு ரூபாய் வரவில்லை. நான்காவது மாதம் முதல் பில்லின் 3 லட்சம் வரும்போது, அந்த மாதச் செலவு மட்டும் 9 லட்சத்து 20 ஆயிரம். ஆறாவது மாத முடிவில், 13 லட்சம் லாபம் காட்டும் அதே கம்பெனியின் கணக்கில் கிட்டத்தட்ட 32 லட்சம் பள்ளம். விற்பனை நன்றாக ஓட ஓடப் பள்ளம் ஆழமாகிறது. இந்தப் பிள்ளைகள் சரக்கில் குறை வைக்கவில்லை, உழைப்பிலும் குறையில்லை. ஆனால் நாலாவது மாதச் சம்பளத்துக்கு அப்பாவின் பி.எஃப். பணத்தைக் கேட்டு நிற்பார்கள்.

இதே கணக்கில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். ஆர்டர் கொடுக்கும் மாதத்திலேயே பாதிப் பணம், மீதி 90 நாளில். மிக ஆழமான இடத்தில் பள்ளம் 10 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. ஆறாவது மாதம் கணக்கு மேலே ஏறத் தொடங்குகிறது. கருவி அதேதான், விலையும் அதேதான், ஆட்களும் அவர்களேதான். 32 லட்சத்துக்கு முதலீட்டாளர் தேட வேண்டும். 10 லட்சத்தைக் குடும்பமும் நண்பர்களும் சேர்ந்து சமாளித்துவிடலாம். மாதாமாதம் வரவு செலவைத் தேதிவாரியாக ஓர் எக்செல் தாளில் எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயம் இது. ஆனால் ஐந்து வருட வருமானத்தை எழுதுகிற கை இந்தப் பன்னிரண்டு கட்டங்களை எழுத மறுக்கிறது.

மேலே நான் ஜிஎஸ்டியைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் இறுக்கும். வாடிக்கையாளர் பணம் கொடுத்தாரோ இல்லையோ, பில் போட்ட வரியை அடுத்த மாதமே அரசுக்குக் கட்டியாக வேண்டும். நிறுவனர்களின் சம்பளத்தையும் சேர்க்கவில்லை. "நாங்க ஒரு வருஷம் சம்பளமே எடுக்க மாட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து, வண்டிக்கு இஎம்ஐ, இதெல்லாம் யார் கட்டுவது? எடுக்காவிட்டாலும் உங்கள் சம்பளத்தைச் செலவில் எழுதுங்கள். அதை எழுதிய பிறகும் லாபம் நின்றால்தான் அது தொழில். எழுதாமல் விட்டால் உங்கள் குடும்பம் வாடிக்கையாளருக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

"அட்வான்ஸ் கேட்டால் ஆர்டர் போய்விடுமே" என்பார்கள். நம் ஊரில் கல்யாண மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் அட்வான்ஸ் கொடுத்துத்தான் தேதி வாங்குகிறோம். கொடுப்பவர் யாரும் கோபப்படுவதில்லை, அந்தத் தேதி அவருக்கு அவ்வளவு முக்கியம். உங்கள் பொருள் ஒருவருடைய தலைவலியை உண்மையிலேயே தீர்க்கிறதென்றால் அவர் பாதிப் பணம் கொடுப்பார். "சூப்பர் ஐடியா தம்பி, ரெடியானதும் சொல்லுங்க" என்று தோளில் தட்டுபவர் வாங்க மாட்டார். நூறு பேரிடம் எடுத்த சர்வேயைவிட அட்வான்ஸ் கொடுத்த இரண்டு பேரை நான் நம்புவேன்.

அடுத்தது, அந்த ஒரு சதவீதக் கணக்கு. "தமிழ்நாட்டில் இத்தனை லட்சம் கடை இருக்கிறது, அதில் ஒரு சதவீதம் பிடித்தால் போதும்." எந்த ஒரு சதவீதம்? சவுகார்பேட்டை மொத்த வியாபாரியா, நங்கநல்லூர் மளிகைக்கடை அண்ணாச்சியா? இவருக்கும் அவருக்கும் கணக்கு வைக்கும் முறை வேறு, பேசும் மொழி வேறு, காசு கொடுக்கும் நாள் வேறு. எல்லோருக்கும் என்று எழுதிய பிளானில் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றுதான் நான் படிக்கிறேன்.

தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பதற்கு பால் கம்பெனியான ஹட்சன் அக்ரோவின் நிறுவனர் ஆர்.ஜி. சந்திரமோகனைத்தான் நான் எப்போதும் சொல்வேன். 1970-இல் ராயபுரத்தில் 13,000 ரூபாயில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கியவர். அப்போது சென்னையில் தாசப்பிரகாஷ், குவாலிட்டி, ஜாய் என்று பேர்போன ஐஸ்கிரீம்கள். அவர்களோடு அதே கடையில், அதே ஃப்ரீசரில் இடத்துக்குச் சண்டை போட்டிருந்தால் கையிலிருந்த காசு விளம்பரத்திலேயே கரைந்திருக்கும். பெரிய பிராண்டுகள் எட்டிப் பார்க்காத சிறு ஊர்களுக்கு அவர் அருண் ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார். அருண் மட்டுமே விற்கும் கடைகளைத் திறக்க வைத்தார். அங்கே அவர்தான் பெரிய பெயர். எந்த ஊரில் விற்பது என்பதைவிட, எந்த ஊரில் இப்போதைக்கு மல்லுக்கட்டுவதில்லை என்று எடுத்த முடிவுதான் அவருடைய உத்தி என்று நான் நினைக்கிறேன். அதற்கு எந்த ஸ்லைடும் தேவைப்படவில்லை.

நம் சிஎன்சி பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான். பெரிய வாகன உதிரி பாகக் கம்பெனிக்கு விற்றால் வெப்சைட்டில் லோகோ போடலாம், ஆனால் வெண்டர் பதிவு, பர்ச்சேஸ் கமிட்டி, சோதனை ஓட்டம் என்று மாதங்கள் ஓடும். எட்டு மெஷின் வைத்திருக்கும் பட்டறை முதலாளி தானே மெஷின் பக்கத்தில் நிற்பவர், தானே செக்கில் கையெழுத்துப் போடுபவர். மெஷின் சும்மா நின்றால் அன்றைக்கே அவருக்கு வலிக்கும். முதல் வருடம் அவரிடம் மட்டும் விற்பது, லோகோ ஆசையைத் தள்ளிப்போடுவது என்று இரண்டு வரி எழுதினால் அது ஒரு பிளான்.

எல்லாத் தொழிலையும் வாடிக்கையாளர் காசிலேயே வளர்க்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஐஐடி மெட்ராஸில் முளைத்த ஏதர் 2013-இல் தொடங்கியது, முதல் ஸ்கூட்டர் வாடிக்கையாளர் கைக்குப் போனது 2018-இல். அக்னிகுல் 2017-இல் தொடங்கி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவியது 2024 மே 30 அன்று. இங்கெல்லாம் அடுத்தவர் முதலீடு இல்லாமல் ஓர் அடி நகராது. ஆனால் அங்கேயும் தேதிக் கணக்கு உண்டு. இருக்கும் பணம் தீர்வதற்குள் எதைச் செய்து காட்டினால் அடுத்தவர் பணம் போடுவார் என்பதுதான் அங்கே பிளான். சும்மா ஒரு ஆப் செய்பவர்கள் ராக்கெட் கம்பெனியின் பொறுமையைத் தங்களுக்கும் கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்டாளிகளைப் பற்றி ஒரே வார்த்தை. ஆளுக்குப் பாதிப் பங்கு என்று முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்படி, முதல் வருடம் முடியும்முன் போனால் ஒன்றும் கிடைக்காதபடி எழுதுங்கள். இதற்கு வெஸ்டிங் என்று பெயர். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுத வேண்டிய காகிதம் அது.

இனி, பணம் கொடுக்கும் பக்கம் இருப்பவர்களுக்கு. நிறுவனர்கள் என்னதான் தேதி போட்டாலும், பில்லை மேசையில் வைத்துக்கொண்டு "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லும் அக்கவுண்ட்ஸ் பிரிவுகள் இந்த ஊரில் நிறைய. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இலிருந்தே இருக்கிறது. உத்யம் என்ற மத்திய அரசுத் தளத்தில் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் பேங்க் ரேட் என்று ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, கெடு தாண்டிய தொகையை நீங்கள் கொடுக்கும் வருடம்வரை வரிக்கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது.

நிறுவனர்களே, உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண்ணும் போதும், தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள், பணம் வர வேண்டிய தேதியையும் அதற்குக் கீழே போடுங்கள். இதைப் படிக்கும் நண்பர்களில் பர்ச்சேஸிலும் அக்கவுண்ட்ஸிலும் இருப்பவர்கள் பலர் என்று எனக்குத் தெரியும். உங்கள் மேசையில் ஏதாவது ஒரு சின்னக் கம்பெனியின் பில் 45 நாளைத் தாண்டிக் கிடந்தால், திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அதை பாஸ் செய்துவிடுங்கள்.